அண்ணி கதவில் எழுதிய வரம்பு

நெஞ்சிலும் கணுக்காலிலும் வயர்களை ஒட்டி, அசையாமல் படுக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் திரையை இழுத்து மூடியபோது, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. நல்ல பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே குன்னூர் பஸ்களின் ஹாரன் சத்தம். மூச்சை இழுத்தால் பாதி வழியில் அடைத்தது. விரல்கள் மரத்துப்போய் என்னுடையவையாகவே தெரியவில்லை. இந்த வயதிலா போய்ச் சேர வேண்டும், மஞ்சூர் போன வண்டிக்கு இன்னும் வழி சொல்லவில்லையே என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். அம்மாவை நினைக்கவில்லை, சாமியை நினைக்கவில்லை, தேயிலை ஏற்றப் போன ஒரு லாரியை நினைத்தேன். அப்போது திரையை விலக்கிக்கொண்டு அண்ணி வந்தார். வேலைக்கு உடுத்திப் போன பருத்திப் புடவை, கையில் சாப்பாட்டுக் கூடை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, இன்னைக்கு என்னதான் தின்னே?" என்றார். யோசித்தேன். காலையில் ஒரு டீ. அதற்கு முந்தின மதியம் என்ன சாப்பிட்டேன் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் வந்து ஈசிஜி தாளைப் பார்த்தார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். இது பதற்றத்தால் வருவது, வலி நிஜம், பயம் நிஜம், ஆனால் உயிரை எடுக்காது. இதே ஓட்டம் ஓடினால் மறுபடி வரும், ஊட்டியில் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ வெட்கம். மாரடைப்பு என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாமல் ஊரைக் கூட்டிவிட்டேனே என்று இருந்தது. அண்ணி கூடையைத் திறந்து தயிர்சாதத்தை என் கையில் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "அத்தைகிட்ட நான் சொல்லல. பாவம், பயந்துக்குவாங்க. ஆனா இன்னொரு தடவ உனக்கு இப்படி ஆச்சுன்னா, நானே வந்து உன்ற கம்பெனிக்குப் பூட்டுப் போட்ருவேன். பெங்களூருக்கே வேலைக்குப் போயிரோணும். சம்மதமா?" அண்ணியின் அத்தை என்றால் என் அம்மா. அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பூட்டுதான். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். அண்ணி வாயால் சொன்னால் செய்கிற ஆள்.

அந்தக் கம்பெனி எனக்கு என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் அந்தத் தலையாட்டலின் கனம் புரியும். எங்கள் மலையில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் காலையெல்லாம் பறித்து, சாக்கில் அடைத்து, ரோட்டோரம் உட்கார்ந்து தொழிற்சாலையின் இலை வண்டிக்காகக் காத்திருப்பார்கள். வண்டி எப்போது வரும் என்று வண்டிக்கே தெரியாது. தாமதமானால் சாக்குக்குள் இலை சூடேறிச் சிவந்துவிடும், தொழிற்சாலையில் தள்ளிவிடுவார்கள். மழையில் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் அம்மாவும் அப்படிக் காத்திருந்தவள்தான். பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, இலை வண்டி எங்கே வருகிறது என்று கைபேசியில் காட்டும் ஒரு செயலியை உண்டாக்கினேன். குன்னூரில் பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அக்கா என்றும் தம்பி என்றும் நான் கூப்பிடுகிற இரண்டே பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஜனங்கள் வண்டி வரும் நேரம் பார்த்து வீட்டிலிருந்து கிளம்பத் தொடங்கினார்கள். எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

அந்த உற்சாகத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரோ கேட்க, ஒவ்வொரு இலை வண்டியின் கதவிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். அதில் என் சொந்த எண். அதற்குக் கீழே, 'எந்த நேரமும் கூப்பிடலாம்'. பட்டணத்தில் இப்படி எழுதினால் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எங்கள் ஊரில் எழுதினதை எழுதினபடியே எடுத்துக்கொள்வார்கள். "ஏனுங்க, வண்டி எங்கீங்க வருது?" என்று விடியலில் ஆரம்பிக்கும். கோத்தகிரியில் மழையா என்று கேட்பார்கள். பையனுக்கு எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். ஒரு பெரியவர் தினமும் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லீங்க, போன் வேல செய்யுதான்னு பாத்தேனுங்க" என்று வைத்துவிடுவார். நான் ஒரு அழைப்பையும் விட்டதில்லை. சாப்பிடும்போது எடுத்தேன், குளித்துக்கொண்டிருந்தால் சோப்புக் கையோடு எடுத்தேன், மூடுபனியில் சிக்னல் போனால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடிப் போய் எடுத்தேன். அதுபோதாதென்று, தொழில் தொடங்கிய இளைஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தேன். யார் குறைவாகத் தூங்கினார்கள் என்று அதில் போட்டி நடக்கும். நானும் பெருமையாகப் பதிவு போட்டிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அண்ணி இந்த உலகத்தைச் சேர்ந்தவர் அல்ல. அன்னூர்ப் பக்கத்துப் பெண். டிப்ளமா படித்துவிட்டு, பரீட்சை எழுதி, இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன், அதாவது மேற்பார்வையாளர், ஆனவர். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் சார்ஜ்மேன்தான், அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதே தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த என் அண்ணனை, மனு கொடுக்கப் போன இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எங்களுக்குள் மூத்தவர் இளையவர் என்ற மரியாதையெல்லாம் பேச்சளவில்தான். சீரியல் பார்ப்பதா, கிரிக்கெட் பார்ப்பதா என்று ரிமோட்டுக்காகக் கட்டிப் புரண்டிருக்கிறோம். சமையலில் உப்புக் கூட என்று நான் சொன்னால் அடுத்த நாள் உப்பே இருக்காது. என் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது: "லாரி எங்க வருதுன்னு சொல்றதுக்கு ஒரு கம்பெனி. சொல்றவளுக்குத்தான் சோறு எங்க இருக்குன்னு தெரியல."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அலுவலகத்துக்குப் போனபோது கதவுக்கு முன்னால் அண்ணி ஸ்டூல் போட்டு நின்றுகொண்டிருந்தார். கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா. என் அறைக் கதவின் வெளிப்பக்கத்தில் அழகான அரசாங்க எழுத்தில் எழுதியிருந்தார்: 'ஆள் வரம்பு இரண்டு. சரக்கு வரம்பு மூன்று.' என்ன அண்ணி இது என்றேன். அவர்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு கட்டடத்துக்கு வெளியிலும் இப்படி எழுதியிருக்குமாம். உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து இருக்கலாம் என்று. அதற்கு மேல் ஒரு ஆளோ ஒரு கட்டோ உள்ளே போக முடியாது, பெரிய அதிகாரியே வந்தாலும் ஒருவர் வெளியே வந்த பிறகுதான் இன்னொருவர் போக வேண்டும். "உன்ற ரூம்புக்குள்ள ஒரே சமயத்துல ரெண்டு பேருக்கு மேல வரக்கூடாது. உன்ற மேசைல மூணு விசயத்துக்கு மேல இருக்கக்கூடாது. நாலாவது வந்தா வெளிய நிக்கட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் ஒரே நேரத்தில் பத்து வேலை பார்க்கிறவள், பெங்களூரில் அதற்குத்தான் சம்பளமே கொடுத்தார்கள், என்னை என்ன கையாலாகாதவள் என்று நினைத்தீர்களா என்று கத்தினேன். அண்ணி பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. "அட கெரகமே. அந்த வரம்பு உள்ள இருக்கறவங்க தெறமையப் பாத்து வெக்கறதுன்னா நெனச்சே? எங்க ஆளுக எல்லாம் முப்பது வருச சர்வீசு. அவங்களுக்கும் அதே வரம்புதான். வெடிச்சா பக்கத்துக் கட்டடத்துக்கு என்ன ஆகும்னு பாத்து வெக்கறது அது. உனக்கு ஆச்சுன்னா பக்கத்துல ஆரு இருக்காங்கன்னு பாரு." பக்கத்தில் யார் இருந்தார்கள்? என்னிடம் வேலை பார்த்த அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அம்மா இருந்தாள். வண்டி வரும் என்று நம்பி ரோட்டோரம் சாக்கோடு நின்ற அத்தனை பேரும் இருந்தார்கள். நான் அதுவரை என்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்றேன். கோணல் இல்லை என்று அண்ணி டேப் வைத்து அளந்து காட்டினார்.

அலுவலகத்துத் தம்பிக்கு அந்தக் கதவு பெரிய விளையாட்டாகிவிட்டது. "அக்கா, மூணும் முடிஞ்சுதா? நாலாவது வெளிய ரொம்ப நேரமா நிக்குது, பாவம், குளுருது" என்பான். அண்ணியோ அத்தோடு விடவில்லை. தன் லீவு நாளில் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். அவர்கள் தொழிற்சாலையில் உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, கைபேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் விடுவார்களாம். அதே பழக்கத்தில், என்னைப் பார்க்க வந்த இலை ஏஜென்ட் ஒருவரை நிறுத்தி, கைபேசியை வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டார். சட்டைப் பையைக் காட்டி லைட்டரையும் கேட்டார். அந்த மனுஷன் மிரண்டுபோய், "ஏனுங்க, இந்த ஆபீசுல வெடிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று கேட்டார். அண்ணி ஜன்னல் வழியாக என்னைக் கை காட்டி, "அதா, உள்ள உக்காந்திருக்கற அம்மிணிதானுங்க" என்றார். அவர் லைட்டரைக் கொடுத்துவிட்டு வெகு மெதுவாக நடந்து உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அதற்கு முன் நான் எப்போது வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஊட்டி மருத்துவரிடம் போவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. யாராவது பார்த்துவிட்டால்? ஊரில் பேச்சாகிவிட்டால் விவசாயிகள் நம்புவார்களா, தொழிற்சாலைக்காரர்கள் மதிப்பார்களா? முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட வந்த அண்ணிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அருவங்காடு தாண்டும்போது அவருக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் ஏறி, "எங்கீங்க, ரெண்டு பேரும் கெளம்பிட்டீங்க?" என்று கேட்க, அண்ணி பஸ் முழுவதும் கேட்கிற குரலில், "இவளுக்கு மனசு டாக்டரப் பாக்கறக்குங்க. வேல வேலன்னு ஓடி மூச்சு அடச்சுப்போச்சு" என்றார். மூட்டு வலிக்குப் போகிறோம் என்பது போலச் சொன்னார். எனக்குப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அந்தப் பெண்மணி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு அண்ணி பக்கம் குனிந்து, "அந்த டாக்டரு எந்தக் கிழமைல இருப்பாருங்க? எங்க ஊட்டுக்காரரு ரிட்டயர் ஆனதுல இருந்து சரியாவே தூங்கறதில்லீங்க" என்றார். அடுத்த மாதம் அந்தத் தம்பதியை மருத்துவர் அறைக்கு வெளியே பார்த்தோம். எங்களுக்கு ஊட்டி வர்க்கி வாங்கி வந்திருந்தார்கள்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார், அதைவிட நிறையக் கேள்வி கேட்டார். மூச்சை எப்படி இழுத்து எப்படி விடுவது என்று கற்றுக்கொடுத்தார். பயம் வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல், வந்துவிட்டுப் போகட்டும் என்று உட்காரப் பழக்கினார். போன் அடிக்காத நேரத்திலும் அடிப்பது போல் கேட்கிறது என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தினமும் கொஞ்ச நேரமாவது அந்தப் போன் உங்கள் கையில் இல்லாமல் இருக்கட்டும் என்றார். அண்ணிக்கு அது போதும். மறுநாளே என் கைபேசி பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது. "மத்தியானம் சோறு தின்னு, ஒரு மணி நேரம் படு. அது வரைக்கும் இது இங்க கெடக்கட்டும்" என்று டின்னைத் தன் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல், அன்று வேறு யாரும் இல்லாத அலுவலகத்தின் பின்னறையில் படுத்தேன், படுத்தவள் தூங்கிப்போனேன். சாயங்காலம்தான் கண் விழித்தேன். வெகு நாளைக்குப் பிறகு கனவே இல்லாத தூக்கம். எழுந்து டீ போட்டுக் குடித்துவிட்டு, வாழ்க்கை இவ்வளவு சுலபமா என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து கொலக்கம்பை வழியில் ஒரு இலை வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது. டிரைவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், விவசாயிகள் கூப்பிட்டிருக்கிறார்கள், பிஸ்கட் டின் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. அண்ணியோ அதை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டார். ஒரு கிராமத்து இலை முழுவதும் சாக்கில் வெந்துபோனது. மறுநாள் காலையில் ஒரு ஜீப் நிறைய ஆட்கள் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோதே என் விரல்கள் மரக்கத் தொடங்கின. வந்துவிட்டது, இன்றோடு பூட்டு என்று நினைத்தேன். மருத்துவர் சொன்னபடி மூச்சை விட்டேன், இழுத்தேன். முன்னால் வந்தவர் தினமும் போன் வேலை செய்கிறதா என்று பார்க்கிற அந்தப் பெரியவர். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரில் கையூன்றிக்கொண்டு, "நீ செத்துப் போயிட்டயோன்னு நெனச்சிட்டோம் தாயி" என்றார். "ஒரு நாளும் எடுக்காம இருந்ததில்லையே. இலை போனது வவுத்தெரிச்சல்தான். ஆனா உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னுதான் ஜீப்ப எடுத்தோம்."

நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, வயர்கள், ஊட்டி டாக்டர், மாத்திரை, ஒன்றையும் மறைக்கவில்லை. சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று யாரிடம் மறைத்து வைத்தேனோ அவர்களிடமே சொன்னேன். இலை போன கோபத்தில் ஒருவர், "அதுக்கு எங்க பொழப்பு என்னங்க பண்ணும்?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். செய்தி தெரிந்து அண்ணி ஓடிவந்தார், மூச்சிரைக்க வாசலில் நின்றார். வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பி, "தப்பு இவளுது இல்லீங்க, என்றது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க பேக்டரில சிப்டு முடிஞ்சா அடுத்த ஆளு வந்து சார்ஜ் எடுத்தாத்தான் கெளம்ப முடியும். நான் அத மறந்துபோட்டு, உங்கிட்ட இருந்து போனப் புடுங்கினனே ஒழிய அத வேற கைல குடுக்கல" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அண்ணி கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். ஜீப்பில் வந்தவர்களுக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார். பதற்றத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். யாரும் முகம் சுளிக்காமல் குடித்தது எங்கள் மலை மக்களின் பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று முதல் போன் கை மாறியது. எங்களிடம் வேலை பார்த்த அக்கா நெல்லியாளத்துக்காரர், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். காலையில் அவர் எடுப்பார், மதியம் தம்பி எடுப்பான், மிச்ச நேரத்தில் நான். ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று வாயால் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுந்து போக வேண்டும். ஸ்டிக்கரில் என் எண்ணை எடுத்துவிட்டு அலுவலக எண்ணை ஒட்டினோம், 'எந்த நேரமும்' என்பதை அடித்துவிட்டு நேரம் போட்டோம். விவசாயிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். அவர்களோ என்னைவிட அந்த அக்காவிடம் பேசுவதையே விரும்பினார்கள். நான் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்பேன். அக்காவோ, "வண்டி வாற நேரந்தான் சொல்லியாச்சே, பெறகு என்னாத்துக்கு சும்மா சும்மா எடுக்கிறீங்க?" என்று அதட்டுவார். அதட்டினால்தான் கம்பெனி ஒழுங்காக நடக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு. பெரியவர் மட்டும் வழக்கம்போலத் தினமும் கூப்பிட்டார். ஆனால் இப்போது போனைப் பற்றிக் கேட்பதில்லை, "அம்மிணி சாப்ட்டுதா?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

மூச்சடைப்பு உடனே நின்றுவிடவில்லை. அவ்வப்போது வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் ஆஸ்பத்திரிவரை மறுபடி போகவில்லை, அண்ணியின் பூட்டுக்கு வேலை வரவில்லை. மெல்ல மெல்ல மாத்திரையைக் குறைத்து மருத்துவரே நிறுத்தினார். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட எனக்கு நேரம் கிடைத்தது. அந்தச் சண்டைகளில் நான் ஜெயித்ததே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இப்படியிருக்கையில்தான் அண்ணிக்குப் பதவி உயர்வு வந்தது, வடக்கே எங்கேயோ ஒரு தொழிற்சாலைக்கு மாற்றல். அண்ணனும் கேட்டு வாங்கிக்கொண்டு கூடவே போனான். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பூட்டு சாவி எங்கிட்டத்தான் இருக்கு, மறந்துராத" என்று மிரட்டினார். சிரித்துக்கொண்டேதான் மிரட்டினார். ரயில் போன பிறகு, இனி யார் என்னைப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பயம் வந்தது நிஜம்.

இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் கூடலூரிலிருந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலை முதலாளி வந்தார். அந்தப் பக்கத்தில் அவருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்கும் நிறையத் தொழிற்சாலைகள். எல்லா இலை வண்டிகளையும் எங்களிடமே தருவதாகச் சொன்னார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததைப்போலப் பல மடங்கு. ஆனால் உடனே தொடங்க வேண்டும், மழைக்குப் பிறகு இலை குவியும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதற்காகத்தானே பெங்களூரை விட்டு வந்தேன். கனவில் வந்து நிற்பது போல வந்து நின்றது. அன்று சாயங்காலம் அக்காவையும் தம்பியையும் உட்கார வைத்துப் பேசினேன். எங்கள் மூன்று பேரால் அது ஆகாது. ஆள் எடுத்து, பழக்கி, அந்தப் பக்கத்துப் பாதைகளைத் தெரிந்துகொள்ள இந்த மழைக்காலம் முழுவதும் வேண்டும். இப்போதே சரி என்றால் ஸ்டிக்கரில் மறுபடி என் எண்ணைத்தான் ஒட்ட வேண்டியிருக்கும். மறுநாள் அவரிடம், மழை முடியட்டும், அடுத்த வருடம் தொடங்கலாம் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சாரமில்ல மோளே, நமக்கு பின்னே பாக்கலாம்" என்று மலையாளத்தில் பரவாயில்லை சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். பத்து நாளைக்குள் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது.

செய்தி வந்தபோது நான் என் அறையில் தனியாக இருந்தேன். மதிய நேரம், வெளியே நல்ல வெயில். போனை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது வரும், இதற்கு வராமல் எதற்கு வரும் என்று. விரல்களைப் பார்த்தேன், மரக்கவில்லை. மூச்சை இழுத்தேன், அடிவயிறுவரை போனது. பிறகு அழுகை வந்தது. சின்ன வயதில் பொம்மை உடைந்தால் அழுவது போல, மூக்கு ஒழுக ஒழுக வந்தது. அண்ணியைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "அண்ணி, கூடலூர் போயிருச்சு" என்றேன். மூக்கை உறிஞ்சினேன்.

அண்ணிக்குக் கூடலூரைப் பற்றிக் கேட்கவே தோன்றவில்லை. பாத்திரம் ஏதோ கீழே விழுந்த சத்தம். "மூச்சு எப்படி இருக்கு? அம்மிணி, மூச்சு எப்படி இருக்குன்னு சொல்லு. அக்கா பக்கத்துல இருக்காங்களா? கதவத் தொற, வெளிய வந்து உக்காரு" என்று படபடத்தார். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபோதுதான், நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என்ன தின்றாய் என்று சாதாரணமாகக் கேட்ட அன்றைக்கு அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

"மூச்சு நல்லாத்தான் இருக்குதுங்க அண்ணி" என்றேன். "வெறும் அழுகைதான்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம்.

"அப்ப நல்லா அழு சாமி" என்றார். "நான் லைன்லயே இருக்கறேன்."